ஜூன் லீவுக்கு திமிங்கலச் சுறா பாக்க எங்க போறது: மாலத்தீவா, நிங்கலூவா, பிலிப்பீன்ஸா?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல இங்க சிங்கப்பூர் தேக்கா ஈரச்சந்தைல மீன் வெட்ட குடுத்துட்டு நிக்கிறப்போ தம்பி போன் பண்ணான். "அக்கா, ஜூன் லீவுக்கு புள்ளைங்கள திமிங்கலச் சுறா பாக்க கூட்டிட்டுப் போலாம்னு இருக்கோம், அம்மாவும் வர்றாங்க, நீதான் மூணு தடவ போயிருக்கியே, எங்க போறதுன்னு சொல்லு"ன்னான். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவனே சொல்லிட்டான், பிலிப்பீன்ஸ்ல ஓஸ்லோப்னு ஒரு இடமாம், நூத்துக்கு நூறு பாத்துடலாமாம், விலையும் ரொம்பக் கம்மியாம், ஆபீஸ்ல கூட இருக்குறவர் போயிட்டு வந்து போட்டோவெல்லாம் காட்டினாராம். அங்க நின்னுட்டே அவன்கிட்ட அரை மணி நேரம் பேசினேன், மீன்காரண்ணன் பைய நீட்டி நீட்டி பாத்துட்டு ஓரமா வச்சுட்டாரு. இருந்தாலும் பேச வேண்டியது முழுசா பேசி முடியல. அவன மாதிரியே இப்ப நிறைய பேரு கேக்குறாங்க, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

முதல்ல இது என்ன மீனுன்னு ஒரு வார்த்தை, ஏன்னா அம்மா "சுறாவா? புள்ளைங்கள சுறாகிட்டயா விடப் போறீங்க?"ன்னு பதறிட்டாங்க. பேருல திமிங்கலம் இருந்தாலும் இது மீன்தான், உலகத்துலயே பெரிய மீன். வாயத் தொறந்துகிட்டே போயி தண்ணியோட சேத்து குட்டி எறால், மீன் முட்டை, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிங்க எல்லாத்தையும் வடிகட்டி சாப்பிடும், பல்லு இருக்கு ஆனா அரிசி மணி அளவுக்குக் கூட தேறாது. நம்ம எஸ்பிஎஸ் பஸ் 12 மீட்டர் நீளம்னு வச்சுக்கோங்க, நல்லா வளர்ந்தது அதையும் தாண்டும். ஆனா மாலத்தீவுலயும், ஆஸ்திரேலியாவுல இருக்குற நிங்கலூ பவளத்திட்டுலயும் நாம பாக்குறது பெரும்பாலும் இளசு, ஆண், நாலு மீட்டர்லேர்ந்து எட்டு மீட்டர் வரைக்கும் இருக்கும், அதாவது அரை பஸ். அரை பஸ் பக்கத்துல வந்தா எப்படி இருக்கும்னு சொல்லி புரிய வைக்க முடியாது, தண்ணிக்குள்ள நம்ம மூச்சு சத்தம் நமக்கே நின்னு போனமாதிரி இருக்கும்.

2016லேர்ந்து இது அழியுற ஆபத்துல உள்ள இனம்னு இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பு ஐயுசிஎன்னோட பட்டியல்ல இருக்கு. அதனால எங்க போறதுன்னு யோசிக்கிறப்போ விலை, தூரம், லீவு இதோட சேத்து ஒண்ணு கட்டாயம் பாக்கணும்னு நான் நினைக்கிறேன். அந்த மீனு போகணும்னு நினைச்சா போக முடியுதா? தம்பிகிட்ட நான் திருப்பித் திருப்பி சொன்னது இதைத்தான். "கண்டிப்பா பாக்கலாம்"னு ஒரு இடத்துல சத்தியம் பண்ணி சொல்றாங்கன்னா, கடல்ல சுத்துற மீனு தினமும் காலைல ஆறு மணிக்கு ஏன் அதே இடத்துக்கு வருதுன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.

ஓஸ்லோப்புக்கு நான் 2016ல போனேன். சிங்கப்பூர்லேர்ந்து செபுவுக்கு நேரடி விமானம், நாலு மணி நேரம், செபு டவுன்லேர்ந்து வேன்ல மூணு மணி நேரத்துக்கு மேல. தனவான்னு ஒரு மீனவ கிராமம். விடியக்காலைல போயி வரிசைல நின்னு, அஞ்சு நிமிஷம் விதிமுறை சொன்னாங்க, தொடாதீங்க, சன்ஸ்க்ரீன் போடாதீங்க, நாலு மீட்டர் தள்ளி இருங்கன்னு. அப்புறம் மூங்கில் கை வச்ச சின்னப் படகுல கரைக்குப் பக்கத்துலயே, நம்ம ஈஸ்ட் கோஸ்ட் பார்க் கடற்கரைலேர்ந்து கத்துனா கேக்குற தூரத்துல, கொண்டுபோயி நிறுத்திட்டாங்க. தண்ணில எறங்கினா கீழ உண்மையிலயே அஞ்சாறு மீனு. இன்னொரு படகுல ஒருத்தர் உக்காந்து கையால குட்டி எறாலை கொஞ்சம் கொஞ்சமா தண்ணில போட்டுட்டே போறாரு, அந்தப் பெரிய மீனு வாய படகு ஓரத்துல வச்சுகிட்டு, செங்குத்தா தொங்கின மாதிரி, அவரு பின்னாடியே நகருது. எனக்கு நாலு மீட்டர் தள்ளி இருக்க வழியே இல்ல, பின்னாடி ஆளு, பக்கத்துல ஆளு, கால எடுத்தா யாரு மேலயாவது படுது. அப்பத்தான் அதோட வாயப் பாத்தேன். மேல் உதட்டு ஓரம் முழுக்க தோல் உரசி உரசி வெள்ளையா, பழைய செருப்போட முன்பக்கம் தேஞ்ச மாதிரி தேஞ்சிருந்துச்சு. அந்த எடத்த என்னால மறக்க முடியல. அரை மணி நேரத்துல நேரம் முடிஞ்சுதுன்னு மேல ஏத்திட்டாங்க, எல்லாரும் போட்டோ பாத்துட்டு சந்தோஷமா இருந்தாங்க, நானும் அன்னைக்கு சிரிச்சுட்டுதான் நின்னேன், ரூமுக்கு வந்து போட்டோவ பெருசு பண்ணி பாக்குறப்போதான் மனசு கனமாச்சு.

அங்க தீனி போட ஆரம்பிச்சது 2011ல. அதுக்கப்புறம் ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றது, அங்க வர்ற மீனுங்களுக்கு உடம்புல உரசல் காயமும் தழும்பும் அதிகம், சிலது வலசை போக வேண்டிய காலத்துலயும் மாசக்கணக்கா அங்கயே தங்கிடுது, படகச் சுத்தி இருந்த பவளப்பாறையும் கெட்டுப் போயிருக்கு. அந்த ஊரு மக்கள நான் குறை சொல்ல வரல, மீன்பிடிச்சு அரை வயிறு கால் வயிறா இருந்த கிராமத்துக்கு அதுலதான் வருமானம் வந்துச்சு, புள்ளைங்க படிக்குதுங்க, எனக்கு அது நல்லாவே புரியுது. ஆனா தம்பி தன் காசக் குடுக்கப் போறான், அந்தக் காசு எங்க போகணும்னு முடிவு பண்ற உரிமை நமக்கு இருக்கு. என் பேச்சக் கேட்டா ஓஸ்லோப் வேண்டாம். விலை கம்மிங்கிறதுக்காகவும் வேண்டாம்.

இன்னொன்னும் அவன் கேட்டான். "ஏன்கா, நம்ம செந்தோசா தீவுலயே ஒரு தொட்டில கொண்டு வந்து வச்சிருக்கக் கூடாதா, இவ்ளோ செலவு எதுக்கு?"ன்னு. வைக்கிறதா தான் இருந்துச்சு. அங்க ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசாங்கிற உல்லாச விடுதிய கட்டுறப்போ திமிங்கலச் சுறா கொண்டு வர்ற திட்டம் இருந்து, விலங்கு நல அமைப்புங்க எதிர்ப்பு தெரிவிச்சு, 2009ல அந்தத் திட்டத்த கைவிட்டாங்க. அது நல்ல முடிவுன்னு எனக்கு இன்னைக்கும் சந்தோஷம். ஆயிரம் மீட்டருக்கும் கீழ ஆழத்துக்குப் போயிட்டு வர்ற மீனு அது, எவ்ளோ பெரிய தொட்டி கட்டினாலும் அதுக்கு அது ஒரு வாளிதான்.

சரி, மாலத்தீவு. சிங்கப்பூர்லேர்ந்து மாலேக்கு நாலரை மணி நேரம் நேரடி விமானம், வந்து எறங்குனா இலவசமா முப்பது நாள் விசா. மாலத்தீவுன்னா ஒரு ராத்திரிக்கு ஆயிரம் வெள்ளி தண்ணி மேல கட்டின வீடுன்னுதான் நம்ம ஆளுங்க நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ஊர்க்காரங்க குடியிருக்குற தீவுல கெஸ்ட் ஹவுஸ் இருக்கு, நம்ம ஊரு நடுத்தர ஹோட்டல் விலைக்கு கெடைக்கும். திமிங்கலச் சுறாவுக்கு போறவங்க தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்துல திகுரா, தங்கெத்தி, மாமிகிலி இந்தத் தீவுகள்ல தங்கணும், மாலேலேர்ந்து ஸ்பீட் போட்ல ரெண்டு மணி நேரம் பக்கம், மாமிகிலில விமான நிலையமே இருக்கு. அந்தப் பக்கம் கடல 2009ல பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிச்சாங்க. அதோட பெரிய பலம் என்னன்னா வருஷம் பூரா அங்க திமிங்கலச் சுறா இருக்கு, சீசன்னு தனியா காத்திருக்க வேண்டாம். யாரும் தீனி போடுறதில்ல. ஆழத்துல குளிர்ந்த தண்ணிக்குப் போயிட்டு வர்ற இளசுங்க மேல வந்து வெயில் காயுதுங்கன்னு ஒரு விளக்கம் சொல்றாங்க, அதைக் கேட்டதும் மார்கழி மாசம் ஊர்ல தாத்தா திண்ணைல வெயிலுக்கு உக்காந்திருக்குறது ஞாபகம் வந்துச்சு எனக்கு.

நாங்க 2019 டிசம்பர்ல போனோம், நானு, வீட்டுக்காரர், அத்தை மூணு பேரும். அவங்க படகுக்கும் தோனின்னுதான் பேரு, நம்ம தோணி மாதிரியே, அத்தைக்கு அந்த ஒரு வார்த்தைலயே ஊரு பிடிச்சுப் போச்சு. காலைல மாசு ஹுனின்னு சூரை மீனும் தேங்காப்பூவும் வெங்காயமும் பெசஞ்சு ரொட்டியோட குடுத்தாங்க, எங்க வீட்டு மீன் புட்டுக்கு அண்ணன் தம்பி. தோனி பவளப்பாறை விளிம்போரமா மெதுவா போகும், மேல் தட்டுல ரெண்டு பசங்க நின்னுகிட்டு தண்ணிய உத்துப் பாத்துகிட்டே வருவாங்க. முதல் நாள் நாலு மணி நேரம் சுத்தியும் ஒண்ணும் இல்ல, ஆமை பாத்தோம், திரும்பிட்டோம். ரெண்டாவது நாள்தான் மேல இருந்தவன் கைய நீட்டி கத்துனான்.

அங்கதான் மாலத்தீவோட குறையும் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். ஒரு படகு நின்னா அக்கம்பக்கத்து படகெல்லாம் வந்துடும். அன்னைக்கு கொஞ்ச நேரத்துல எட்டு படகு, அத்தனை பேரும் ஒரே நேரத்துல குதிக்கிறாங்க, யாரோ ஒருத்தரோட துடுப்புச் செருப்பு என் மூஞ்சில பட்டு மாஸ்க் நகந்து மூக்கு பூரா உப்புத் தண்ணி. அங்கயும் விதி இருக்கு, உடம்புலேர்ந்து மூணு மீட்டர், வால்லேர்ந்து நாலு மீட்டர்னு, ஆனா கூட்டத்துல அதை யாரு அளக்குறது. எங்க கைடு என் கையப் பிடிச்சு ஓரமா இழுத்துட்டு "விடுங்க அக்கா, இது போகட்டும், இன்னொண்ணு பாக்கலாம்"னாரு, கேரளாவுல வேலை பாத்து கொஞ்சம் தமிழும் கத்துகிட்டவரு. சொன்ன மாதிரியே ஒரு மணி நேரம் கழிச்சு எங்க படகு மட்டும் தனியா ஒண்ணப் பாத்துச்சு.

அந்த ஆறு நிமிஷத்த நான் எப்படி எழுதுறது. நீலத்துக்குள்ளேர்ந்து முதல்ல புள்ளி வருது, உடம்பு வரல, வெறும் வெள்ளப் புள்ளிங்க, யாரோ வாசல்ல கோலத்துக்குப் புள்ளி வச்சுட்டு இழை போடாம விட்ட மாதிரி. அப்புறம்தான் அந்தப் புள்ளியச் சுத்தி ஒரு உடம்பு இருக்குன்னு கண்ணுக்குப் புரியுது. அகலமான வாயி, அதோட ரெண்டு ஓரத்துலயும் இத்துணூண்டு கண்ணு, வயித்துக்குக் கீழ ஒட்டு மீனு ரெண்டு மூணு தொத்திகிட்டு வருது. வால் ஒரு தடவ இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போறதுக்குள்ள நான் பத்து தடவ காலடிக்கிறேன். அவசரமே இல்லாம என்னைத் தாண்டிப் போச்சு. மேல படகுல அத்தை, நீச்சலே தெரியாதவங்க, கைப்பிடியப் புடிச்சுகிட்டு குனிஞ்சு பாத்து "முருகா முருகா"ன்னுட்டே இருந்தாங்களாம், தண்ணி அவ்ளோ தெளிவு, மேலேர்ந்தே நிழல் மாதிரி முழுசா தெரிஞ்சிருக்கு.

அதனால வயசானவங்க கூட வர்றாங்க, தண்ணில எறங்க மாட்டாங்கன்னா என் ஓட்டு மாலத்தீவுக்குதான், அதுவும் டிசம்பர் லீவுல. அப்ப வடகிழக்குக் காத்து, அந்தப் பக்கம் கடல் அமைதி, நம்ம ஸ்கூல் லீவும் ஆறு வாரம் இருக்கு. ஜூன்ல போனாலும் மீனு இருக்கும், ஆனா தென்மேற்குப் பருவக்காத்து, அலை தூக்கும், மழை வந்தா படகு போகாத நாளும் உண்டு. குறைஞ்சது மூணு காலை படகுக்குன்னு ஒதுக்கிட்டுப் போங்க. ஒரே நாள் வச்சுகிட்டு போயி ஏமாந்து வந்தவங்க எனக்குத் தெரிஞ்சே ரெண்டு குடும்பம். ஊர்க்காரங்க தீவுல மது கெடையாது, நீச்சல் உடையோட தெருவுல நடக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை தொழுகை நாள், படகு நேரம் குறையும், இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சா ஒரு சிரமமும் இல்ல.

இப்ப நிங்கலூ. மேற்கு ஆஸ்திரேலியா, பெர்த்துலேர்ந்து வடக்கால 1,250 கிலோமீட்டர் தள்ளி எக்ஸ்மவுத்னு ஒரு சின்ன ஊரு. சிங்கப்பூர்லேர்ந்து பெர்த் அஞ்சு மணி நேரம், அங்கேர்ந்து எக்ஸ்மவுத் பக்கத்து விமான நிலையம் லியர்மன்த்துக்கு ரெண்டு மணி நேரம் இன்னொரு விமானம். நேரம் நமக்கும் அவங்களுக்கும் ஒண்ணுதான், கடிகாரத்த திருப்ப வேண்டாம், சின்னப் புள்ளைங்க தூக்கம் கெடாது, இது சாதாரண விஷயம் இல்ல. சீசன் மார்ச் நடுவுலேர்ந்து ஜூலை வரைக்கும். மார்ச், ஏப்ரல்ல பௌர்ணமி தாண்டி பவளம் எல்லாம் ஒரே நேரத்துல முட்டை விடும், அதையொட்டி கடல்ல சாப்பாடு பெருகும், திமிங்கலச் சுறாவும் வந்து சேரும். நம்ம ஜூன் லீவு அப்படியே அந்த சீசனுக்குள்ள விழுது. தம்பிக்கு நான் நிங்கலூன்னு சொன்னதுக்கு பாதிக் காரணம் இதுதான்.

மீதிக் காரணம் அவங்க நடத்துற விதம். 2024 ஜூன்ல வீட்டுக்காரரும் நானும் மகளும் போனோம், அவளுக்கு அப்ப பன்னெண்டு வயசு. காலைல முதல்ல பவளத் திட்டுக்கு உள்ள அலை இல்லாத எடத்துல எறக்கி எல்லாரையும் நீந்த விட்டாங்க, பவளம் காட்டத்தான்னு நினைச்சேன், ஆனா கைடு ஒவ்வொருத்தரோட காலையும் மூச்சையும் கவனிச்சுட்டு இருந்தாங்க, யாரு தடுமாறுறாங்கன்னு. அப்புறம் படகு திட்டத் தாண்டி வெளிக் கடலுக்குப் போச்சு. மேல சின்ன விமானம் ஒண்ணு சுத்திகிட்டே இருக்கும், அதுல இருக்குற பைலட் தண்ணில நிழலப் பாத்து ரேடியோல சொல்வாரு. மீனுக்கு மேல ஒரு நேரத்துல ஒரு படகுதான், மத்த படகு தள்ளி நிக்கணும். தண்ணில ஒரே சமயத்துல பத்து பேருக்கு மேல இருக்கக் கூடாது. அங்கயும் அதே மூணு மீட்டர், வாலுக்கு நாலு மீட்டர், ஆனா இங்க நிஜமாவே கைடு ஒருத்தரு மீனுக்குப் பக்கத்துல நீந்தி கைய மேல தூக்கிகிட்டு எல்லைய காட்டுறாங்க, என் வீட்டுக்காரரு ஆர்வத்துல கொஞ்சம் முன்னாடி போனாரு, உடனே துடுப்ப புடிச்சு பின்னாடி இழுத்துட்டாங்க.

அன்னைக்கு மூணு தடவ எறங்கினோம். மூணாவது தடவ மகளும் நானும் கைகோத்துகிட்டு அது கூடவே நீந்துறோம், முழு வேகத்துல, அதுக்கு அது நடை. திடீர்னு அது மூக்க லேசா கீழ சாய்ச்சுச்சு. அவ்ளோதான், வாலு ஒரு தடவ அசைஞ்சுது, புள்ளிங்க ஒண்ணொண்ணா மங்கி நீலத்துல கரைஞ்சு போச்சு. கைடு உடனே கைய குறுக்கால ஆட்டி நிறுத்தச் சொல்லிட்டாங்க, யாரும் பின்னாடி முக்குளிக்கக் கூடாது. மேல ஏறினதும் மகள் கேட்டா, "அம்மா, அதுக்கு போர் அடிச்சு போயிடுச்சா?" ன்னு. "போகணும்னு தோணுச்சு, போயிடுச்சு"ன்னேன். ஓஸ்லோப்ல நான் பாக்காதது அதுதான்.

குறை? காசு. படகு மட்டும் பெரியவங்களுக்கு நானூறுலேர்ந்து அறுநூறு ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் ஆகுது, பெர்த்துலேர்ந்து உள்ளூர் விமானமும் சொல்லிக்கிற விலைல இல்ல, எக்ஸ்மவுத் சின்ன ஊருங்கிறதால ரூம் சீக்கிரம் தீந்துடும், ஏழெட்டு மாசம் முன்னாடியே போட்டாத்தான் ஆச்சு. பல படகுக்காரங்க திமிங்கலச் சுறா பாக்கலன்னா இன்னொரு நாள் காசில்லாம கூட்டிட்டுப் போறோம்னு சொல்றாங்க, அது நல்ல விஷயம், ஆனா அந்த இன்னொரு நாள் நம்ம கையில இருக்கணுமே, அதனால படகை ஊருக்குப் போன முதல் காலைக்கே போடுங்க, கடைசி நாளுக்கு வைக்காதீங்க. ஜூன்ல அங்க குளிர்காலம், தண்ணி நமக்குக் குளிரும், முழு நீச்சல் உடை படகுலயே தருவாங்க. வெளிக்கடல் ஆடும், ரொம்பவே ஆடும். எங்க படகுல நாலு பேரு வாந்தி. முதல் நாள் ராத்திரி ஒரு மாத்திரை, காலைல ஒண்ணு, மருந்துக் கடைல கேட்டு வாங்கிட்டுப் போங்க. நான் தேக்காலேர்ந்து இஞ்சி மரப்பா கொண்டு போனேன், ஆஸ்திரேலியாவுக்குள்ள நுழையுறப்போ நிரப்பிக் குடுக்குற அட்டைல சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு மறைக்காம எழுதுனேன், பாத்துட்டு விட்டுட்டாங்க. எழுதாம போயி மாட்டுனா அபராதம், அங்க அதுல தயவு தாட்சண்யம் கெடையாது.

பிலிப்பீன்ஸே வேணும்னு நினைச்சா ஓஸ்லோப்ப விட்டுட்டு டொன்சோல் போங்க. லூசோன் தீவோட தெற்கு நுனில சோர்சொகொன் மாகாணம், மணிலாலேர்ந்து லெகாஸ்பி பக்கம் பறந்து அங்கேர்ந்து வண்டில. ஊர்க்காரங்க இதை புட்டாண்டிங்னு சொல்றாங்க. 1998ல அங்க திமிங்கலச் சுறா கூட்டம் இருக்குறது வெளிய தெரிஞ்சு, அதே வருஷம் பிலிப்பீன்ஸ்ல அதைப் பிடிக்கிறதுக்கே தடை வந்துச்சு. அங்க தீனி கெடையாது, ஒரு மீனுக்கு ஒரு படகு, ஆறு பேரு, பத்து நிமிஷம், கூட பயிற்சி எடுத்த உள்ளூர் ஆளு ஒருத்தரு வருவாரு. நான் அங்க போனதில்ல, ஆனா பக்கத்து புளோக்ல இருக்குற என் கூட்டாளி மார்ச் லீவுல போயிட்டு வந்தா, தண்ணி பச்சையா கலங்கலா இருக்கும், மீனு மூணு மீட்டர் பக்கத்துல வந்தப்புறம்தான் தெரிஞ்சுதுன்னா. அந்தக் கலங்கல்ல தானே அதுக்கு சாப்பாடு இருக்கு. பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும் நல்ல நேரம், மார்ச்ல ஒரு வாரம் லீவுக்கு சரியா வரும், ஜூன்னா சீசன் முடியுற கட்டம், ஆபத்தான பந்தயம். சில வருஷம் மீனு குறைவாவும் வருது. ஆனா செலவு நிங்கலூல பாதிகூட ஆகாது, மாயோன் எரிமலை கூம்பு மாதிரி எதிர்ல நிக்கும், ராத்திரி ஆத்துல படகுல போயி மின்மினி பாக்கலாம். புள்ளைங்க இல்லாத ஜோடிக்கு, கெடைச்சா கெடைக்கட்டும்னு மனச தயார் பண்ணிட்டுப் போறவங்களுக்கு ரொம்ப நல்ல இடம்.

இந்தோனேசியாவுல சும்பாவா தீவுல சாலே விரிகுடா இருக்கு, ராத்திரி வெளக்கு வச்சு வலை எறக்குற பாகான்னு மீன்பிடி மேடைக்கு விடியக்காலைல திமிங்கலச் சுறா சிந்துற மீனுக்காக வரும். பல பேரு லொம்போக்லேர்ந்து படகுலயே தங்கிப் போறாங்க. சின்னப் புள்ளைங்க, அம்மா கூட அந்தப் பயணம் தாங்காதுன்னு எனக்குத் தோணுது, அதனால தம்பிக்கு அதைச் சொல்லவே இல்ல.

எங்க போனாலும் இங்க நீச்சல் குளத்துல பழகிட்டுப் போகணும். ஸ்கூல்ல ஸ்விம்சேஃபர் நீச்சல் வகுப்ப முடிச்சுட்டான், பதக்கம் வாங்கிட்டான்னு இருக்காதீங்க. குளத்துல கீழ தரை தெரியும், கடல்ல கீழ ஒண்ணுமே இருக்காது, வெறும் நீலம், அதுல சில புள்ளைங்களுக்கு மட்டுமில்ல பெரியவங்களுக்கே மூச்சு ஏறிடும். மூச்சுக் குழாய வாயில வச்சு இருபது நிமிஷம் தல தூக்காம மிதக்க முடியுதான்னு பாருங்க, குழாய்க்குள்ள தண்ணி போனா ஊதி வெளிய தள்ளத் தெரியுதான்னு பாருங்க. மாஸ்க் வாங்குறப்போ வாரு போடாம மூஞ்சில வச்சு மூக்கால உறிஞ்சுங்க, கைய விட்டாலும் விழாம ஒட்டி நின்னா அது உங்க மூஞ்சிக்கு ஏத்தது. மூஞ்சி முழுக்க மூடுற மாஸ்க் வேண்டாம், நிறைய படகுல விடவும் மாட்டாங்க. சன்ஸ்க்ரீனுக்குப் பதிலா கை நீள சட்டை.

படகுக்காரங்களுக்கு மெயில் போடுறப்போ நான் கேக்குறது நாலே கேள்வி. தீனி போடுவீங்களா? ஒரு தடவைல எத்தனை பேர தண்ணில விடுவீங்க? தண்ணிக்குள்ள கைடு கூட வருவாங்களா, இல்ல படகுலேர்ந்து கை காட்டுறதோட சரியா? ஏற்கனவே ரெண்டு படகு நிக்குதுன்னா என்ன செய்வீங்க? கடைசிக் கேள்விக்கு "காத்திருப்போம்"னு பதில் வந்தா அங்க பணம் கட்டலாம். ஒரு தடவ மாலத்தீவுல ஒரு இடத்துலேர்ந்து "கவலைப்படாதீங்க மேடம், நாங்கதான் முதல்ல போவோம்"னு வந்துச்சு, அதோட விட்டுட்டேன்.

போட்டோ எடுக்குறவங்க பிளாஷ் போடாதீங்க, முடிஞ்சா இடது பக்கம் செவுளுக்குப் பின்னாடி உள்ள புள்ளிங்கள தெளிவா எடுங்க. அந்தப் புள்ளி வரிசை நம்ம கைரேகை மாதிரி, ஒண்ணுக்கு இருக்குறது இன்னொண்ணுக்கு இருக்காது. வானத்துல நட்சத்திரக் கூட்டத்த ஒப்பிட்டுப் பாக்குற கணக்கையே எடுத்து, நிங்கலூல ஆராய்ச்சி பண்ற பிராட் நார்மனும் ஒரு வானியல்காரரும் ஒரு கம்ப்யூட்டர்காரரும் சேந்து 2005ல இந்தப் புள்ளிய அடையாளம் கண்டுபிடிக்கிற முறைய வெளியிட்டாங்க. மாலத்தீவுலயும் ஆராய்ச்சிக்காரங்க சுற்றுலா வர்றவங்க எடுத்த படத்த வாங்கிப் பாக்குறாங்க. மகள் எடுத்த படத்த அனுப்பினோம், பதிலுக்காக அவ தினமும் என் மெயிலத் தொறந்து பாத்துட்டு இருந்தா.

தம்பி ரெண்டு வாரம் கணக்குப் போட்டுப் பாத்தான். அவன் பொண்டாட்டிக்கு மாலத்தீவு ஆசை, அவனுக்கு இன்னும் செபு விலைதான் கண்ணுல. நேத்து ராத்திரி அம்மா வீட்டுல எல்லாரும் சாப்பிட உக்காந்தப்போ கேட்டேன், "என்னடா முடிவு?" "நிங்கலூதான்கா. இந்த ஜூனுக்கு ரூம் இல்ல, அடுத்த ஜூனுக்குப் போடுறோம். அம்மாவுக்கு தண்ணில எறங்காம பாக்குற டிக்கெட், அது விலை கம்மியாம். அதுக்குள்ள சின்னவனும் குழாய்ல மூச்சு விடப் பழகிடுவான்." சனிக்கிழமை காலைல ஈசூன் நீச்சல் குளத்துக்கு புள்ளைங்கள கூட்டிட்டு வர்றேன்னான். அம்மா மட்டும் கைல எடுத்த சோறு கைலயே இருக்க, "அந்த ஊருக்கு புளிச்சாதம் கட்டிட்டுப் போலாமாடி?"ன்னாங்க. "கட்டுங்கம்மா, விமானத்துலயே சாப்டு முடிச்சுடணும், எறங்குறப்போ பைல ஒரு பருக்கை இருக்கக் கூடாது"ன்னேன்.